நண்பரின் நூலும் நமது நாவும்

நூல் எழுதுதல் ஒரு பாடு. அதனை அச்சேற்றுதல் மற்றொரு பாடு. அச்சேறிய நூலை, அதனை வேண்டி நிற்கும் வாசகரின் கரத்தில் கொண்டு சேர்ப்பதோ பெரும்பாடு. முதல் இரண்டையும் எழுத்தாளர் தம் உழைப்பாலும் பொருளாலும் எவ்வாறேனும் நிறைவேற்றி விடுகிறார். மூன்றாவதில்தான் அவர் துணையற்று நிற்கிறார். அந்தத் துணையை அவருடைய நண்பர் அளிக்கலாமா? அளிப்பதாயின் எந்த அளவுக்கு? நட்பின் பொருட்டுச் சொல்லும் சொல்லில் உண்மை குன்றிவிடாதா? எளிய வினாக்களாகத் தோன்றும் இவை, அனுபவத்தில் அத்துணை எளியவையாக இல்லை.

நம் நண்பர் வட்டத்தில் நூல் எழுதியோர் ஐவர். ஒருவர் தம் ஊரின் பழைய அடக்கத்தலங்களில் உள்ள கல்வெட்டுகளை ஆண்டுக்கணக்கில் படியெடுத்து நூலாக்கியவர். ஒருவர் சிறுவர் கதைகள் புனைபவர். மற்றவர்கள் கவிதை, பயணம், வீட்டு வைத்தியம் எனத் தத்தமக்கு இயன்ற துறைகளில் எழுதியவர்கள். ஒவ்வொருவரும் முந்நூறு பிரதிகள் அச்சிட்டார்கள். வெளியீட்டு விழாவன்று அறுபது, எழுபது பிரதிகள் அன்பளிப்பாகச் சென்றன. எஞ்சியவை கட்டிலுக்கு அடியில் அடுக்கப்பட்டன. கரையானைத் தவிர வேறு வாசகர் அவற்றுக்கு வாய்க்கவில்லை என ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே கூறினார். அச்சிரிப்பு நம் உள்ளத்தைத் தைத்தது.

அப்பொழுதுதான், நண்பர்களின் நூல்களை உலகறியச் செய்ய ஓர் இணையத்தளம் அமைப்போமே என்ற எண்ணம் பிறந்தது. அது தொழிலன்று, ஊதியமும் இல்லை. மாலை நேரத்து ஓய்வை நண்பர்களுக்கு ஈந்தோம், அவ்வளவே. டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் 1991-ஆம் ஆண்டு வெளியுலகுக்கு அறிமுகப்படுத்திய வலைப்பின்னலை, அவர் பணியாற்றிய செர்ன் ஆய்வுக்கூடம் 1993-ஆம் ஆண்டு எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமை ஆக்கிற்று. அதன் பயனாகவே, பெரும் நிறுவனத்துக்கு உள்ள அதே வாயில் நம்மைப் போன்ற எளியவர்க்கும் திறந்திருக்கிறது. இளைஞர் ஒருவரின் உதவியுடன் பக்கங்களை அமைத்தோம். நூல்களின் அட்டைகளைப் படமெடுத்து ஏற்றினோம். ஒவ்வொரு நூலைப் பற்றியும் சில வரிகள் எழுதினோம்.

இடர் தொடங்கியது அந்தச் சில வரிகளில்தான்.

புகழ்ந்ததால் வந்த வெட்கம்

முதல் நூலை 'ஈடு இணையற்றது' என்றோம். இரண்டாவதை அதற்குக் குறைவாகச் சொன்னால் அதன் ஆசிரியர் வருந்துவாரே என்று 'ஒப்புயர்வற்றது' என்றோம். மூன்றாவது 'ஒவ்வொரு இல்லத்திலும் இருக்க வேண்டியது' ஆயிற்று. ஐந்து நூல்களையும் எழுதி முடித்தபோது, ஐந்தும் ஒரே நூல்போல் தோன்றின.

சில திங்கள் சென்றபின், ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமகனார் ஒருவர் நமக்கு மடல் எழுதினார். எட்டு வயதுப் பேத்திக்காக, நம் சொல்லை நம்பிச் சிறுவர் கதை நூலை வரவழைத்ததாகவும், அதிலுள்ள கதைகள் பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர்க்கே பொருந்துவன என்றும், ஒரு கதையைப் படித்த குழந்தை இரவெல்லாம் அஞ்சி உறங்கவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார். கடிந்துரைக்கும் சொல் ஒன்றும் அதில் இல்லை. இறுதியில் மட்டும், "தாங்கள் அந்நூலைப் படித்தீர்களா, ஐயா?" என்று வினவியிருந்தார்.

நாம் படித்திருந்தோம். கதைகளின் கடுமை நமக்குத் தெரியும். தெரிந்தும், நண்பரின் விற்பனை குறையுமே என்று அதனைச் சொல்லாது விட்டோம். பொய் ஒன்றும் எழுதவில்லை என நம்மை நாமே தேற்றிக்கொள்ள முயன்றோம். ஆயினும் ஒரு முதியவரின் பொருளும், ஒரு குழந்தையின் உறக்கமும் நம் மௌனத்துக்கு விலையாகி இருந்தனவே! நண்பருக்கு நன்மை செய்வதாக எண்ணி, நண்பரல்லாத ஒருவருக்குத் தீமை செய்திருந்தோம். அவர் செய்த குற்றமெல்லாம் நம் சொல்லை நம்பியதுதான்.

தன்னொடு கற்றவன் சொல்லலாம்

'அப்படியாயின் நண்பரின் நூலைப் பற்றிப் பேசாதிருத்தலே நன்று; பேசும் உரிமை அயலார்க்கே உரியது' என்பார் உளர். இக்கூற்று நேர்மையுடையதுபோல் தோன்றும். ஆனால் நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஒருவர் தம்மைத் தாமே புகழ்ந்து கொள்ளுதல் தகாது என்றார். ஆதலின் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் பிறரே கூற வேண்டும் என்றார். அந்தப் பிறர் யாவர்? ஆசிரியர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரோடு, உடன் கற்றவரையும் அவர் அப்பட்டியலில் சேர்த்துள்ளார். உடன் கற்றவர் நண்பரன்றி வேறு யார்? நூலாசிரியரை அறிந்தவர், அவர் உழைப்பை அருகிருந்து கண்டவர், அந்நூல் எதற்காகப் பிறந்தது என்பதை உணர்ந்தவர். அவர் சொல்லாவிடில் யார் சொல்வார்?

ஆயின் அவர் எதனைச் சொல்ல வேண்டும்? இங்குதான் நன்னூலார் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறார். பாயிரம் காட்ட வேண்டியன எட்டு என வரையறுக்கிறார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுவலும் பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாக உரைப்பாரும் உளர் என்கிறார். இப்பதினொன்றையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். 'ஈடு இணையற்றது' என்பதற்கு இவற்றுள் இடமே இல்லை! யார் எழுதியது, எதைப் பற்றியது, எப்படி அமைந்தது, யாருக்கு உரியது, படித்தால் என்ன கிட்டும் என்பவற்றைச் சொன்னாலே பாயிரம் நிறைவுறுகிறது. 'கேட்போர்' என்னும் ஒன்றை மட்டும் நாம் மறவாது எழுதியிருந்தால், அந்தக் குழந்தை அன்றிரவு அமைதியாக உறங்கியிருக்கும்.

பிற்காலத்தில் பாயிரங்களும் சாற்றுகவிகளும் வெறும் புகழ்மாலைகளாக மாறியதுண்டு. பல மாலைகள் ஒன்றுபோலவே மணத்தன. ஆகவே எதன் மணமும் நினைவில் நிற்கவில்லை. நம் இணையத்தளமும் அந்த வழியிலேயே சென்றிருந்தது.

மறைப்பதே மாசு

நட்பு சாட்சியத்தைக் கெடுப்பதில்லை. நட்பை மறைப்பதே கெடுக்கிறது. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன், 1855-ஆம் ஆண்டு தாம் வெளியிட்ட கவிதை நூலுக்குத் தாமே பெயர் குறிப்பிடாது மதிப்புரைகள் எழுதி இதழ்களில் வெளிவரச் செய்தார். அந்நூல் பெருநூல் என்பதைக் காலம் மெய்ப்பித்தது. எனினும் அம்மதிப்புரைகளைப் பற்றிய செய்தியைக் கேட்கும்போது இன்றும் நம் முகத்தில் ஒரு புன்னகை அரும்பவே செய்கிறது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின், 2004-ஆம் ஆண்டில், அமேசான் நிறுவனத்தின் கனடா நாட்டுத் தளத்தில் நேர்ந்த ஒரு பிழையால், பெயர் மறைத்து மதிப்புரை எழுதியோரின் உண்மைப் பெயர்கள் வெளிப்பட்டு விட்டன. தம் நூலைத் தாமே புகழ்ந்தோரும், நண்பர்க்காகப் புகழ்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். புகழ்ந்தது பெரும் பிழையன்று; யாரோ ஓர் அயலார் புகழ்வதுபோல் நடித்ததே பிழை.

சாட்சி சொல்வோர் யார் என்று தெரிந்தால்தான் அச்சாட்சியத்தை எடைபோட முடியும். அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என ஒவ்வொரு கண்ணியையும் ஆராய்ந்த பின்னரே செய்தியை ஏற்ற மரபுக்கு உரியவர்கள் நாம். அந்தக் கண்டிப்பு, ஒரு நூலைப் பற்றிய சிறு குறிப்புக்கும் வேண்டாவா? ஒருவர் மற்றொருவரை அளவிறந்து புகழ்ந்தபோது, தோழரின் கழுத்தையே அறுத்துவிட்டதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததும், புகழ்ந்தே ஆக வேண்டுமெனில் தம் எண்ணம் இது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுமாறு பணித்ததும் நாம் அறிந்தவையே. அக்கண்டிப்பின் ஆழம் நமக்கு விளங்கியது அந்த மடலுக்குப் பின்னர்தான். மிகைப்புகழ் கேட்போரை ஏமாற்றுகிறது, புகழப்படுவோரையும் அழிக்கிறது. 'ஒப்புயர்வற்றது' என்று சொல்லப்பட்ட நூலின் ஆசிரியர், அடுத்த நூலைத் திருத்திச் செப்பனிட ஏன் முயல்வார்?

ஆதலின் தளத்தின் முகப்பில், 'இவை எம் நண்பர்கள் எழுதிய நூல்கள். அதனை மனத்தில் கொண்டு எம் சொற்களைப் படியுங்கள்' என்று எழுதினோம். குறிப்புகள் அனைத்தையும் அழித்துவிட்டு, எட்டுப் பொருளையும் ஒவ்வொன்றாகக் கூறிப் புதிதாக எழுதினோம். சிறுவர் கதை நூலின் பக்கத்தில், எந்த வயதினர்க்கு அது உரியது என்பதையும் எழுதினோம். நண்பரின் முகம் வாடியது. "விற்கிற நூலையும் விற்காமல் செய்துவிட்டீரே, காக்கா!" என்றார். சில திங்கள் நம் இல்லத்துப் பக்கமே வரவில்லை. அந்நாட்களில் நாம் அடைந்த வருத்தம் சிறிதன்று. உண்மை உரைத்தால் நட்பு தழைக்கும் என்று நூல்களில் படிப்பது எளிது. பெருநாளன்று வழக்கமாக வரும் நண்பர் வராதிருக்கும்போது அதனை நம்புவது எளிதன்று. பின்னர் அவர் வந்தார். ஆயினும் அந்நூலைப் பற்றி இன்றளவும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பட்டியலும் ஓர் அறமே

இத்துணை இடர்ப்பட்டும் இப்பணி வேண்டுமா? வேண்டும் என்பதே நம் துணிபு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எண்ணுவோம். 1703-ஆம் ஆண்டு மறைந்த அப்பெரும்புலவரின் காப்பியம், அபுல் காசிம் மரைக்காயர் போன்ற வள்ளல்களின் அரவணைப்பில் வளர்ந்தது. ஆயினும் 1842-ஆம் ஆண்டு செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளைத் தேடிப் பதிப்பிக்கும் வரை அது அச்சுலகைக் காணவில்லை. காப்பியத்துக்கே ஒரு கரம் தேவைப்பட்டதெனில், கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கல்வெட்டு நூலுக்குத் தேவைப்படாதா?

பாக்தாத் நகரத்து நூல் வணிகர் இப்னு அந்நதீம், கி.பி. 987-ஆம் ஆண்டளவில், தம் காலத்தில் அரபு மொழியில் வழங்கிய நூல்களையெல்லாம் பத்துப் பிரிவுகளாகப் பட்டியலிட்டு 'அல் ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூலைத் தந்தார். கவிஞர்கள் பலரின் தொகுப்புகள் எத்தனை ஏடு கொண்டவை என்பதைக்கூட அவர் குறித்து வைத்தார். அவர் குறிப்பிட்ட நூல்களுள் மிகப் பல இன்று இல்லை. அப்படி ஒரு நூல் இருந்தது என்பதற்கு அவருடைய ஒரு வரியே சான்றாக எஞ்சியிருக்கிறது. பாராட்டுரைகள் உதிர்ந்து போக, பட்டியல் நிற்கிறது!

ஆனால் நம் பட்டியல் நிற்குமா? பொழுதுபோக்காகத் தொடங்கும் பணிக்கு உள்ள பெருங்குறை இதுவே. ஆர்வம் தணிந்தால் பணியும் தணியும். தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் உரிய கட்டணத்தைக் காலம் தவறாது செலுத்தாவிடில், பக்கங்கள் அனைத்தும் ஒருநாள் இல்லாது ஒழியும். தனிமனிதர்கள் ஆசையோடு அமைத்த எண்ணற்ற பக்கங்களைத் தாங்கியிருந்த ஜியோசிட்டீஸ் என்னும் தளம் 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மூடப்பெற்றபோது, ஆர்வலர்கள் விரைந்து சேமித்தவை தவிர ஏனையவை மறைந்தன. நண்பர் தம் நூலை நம்மிடம் ஒப்படைத்த கணமே, நம் பொழுதுபோக்கு அமானிதமாக மாறிவிடுகிறது. அதைப் பேணும் கடமை, நம் விருப்பு தீர்ந்த பின்னும் தீர்வதில்லை.

ஆகவே தளத்தை மட்டும் நம்பாது, நண்பர்களைச் சட்டம் விதித்த கடமையையும் நிறைவேற்றுமாறு வற்புறுத்தினோம். 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பதிப்பித்தவர் தம் செலவில் அனுப்ப வேண்டும். தாமே பதிப்பிக்கும் எழுத்தாளர்கள் பலர் இதனை அறியார். நம் நண்பர்களும் அறிந்திருக்கவில்லை. ஒரு மாலையில் ஐந்து நூல்களையும் கட்டி அஞ்சலில் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது, இணையத்தளம் அமைத்த நாளில் அடைந்ததினும் மிகுந்த மனநிறைவை அடைந்தோம்.

அன்பார்ந்த வாசகர்களே! உங்கள் உறவிலும் அண்டையிலும் நூல் எழுதிய ஒருவர் இருக்கக்கூடும். அவர் நூலை முதலில் விலை கொடுத்து வாங்குங்கள். முழுவதும் படியுங்கள். பிழை கண்டால் அவரிடம் தனிமையில் சொல்லுங்கள். பிறரிடம் பேசுகையில் அவர் உங்கள் நண்பர் என்பதை முதலில் சொல்லி, அந்நூல் யாருக்கு உரியது என்பதை அடுத்துச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டுவதில்லை. நூலில் உயிர் இருக்குமாயின், எஞ்சியதை அதுவே சொல்லிக்கொள்ளும்.