புகைக் கணக்கும் நீதியும்

தீங்கு செய்தவன் ஈடு செய்தல் வேண்டும் என்பது பழைய நீதி. அதனை மறுப்போர் இலர். ஆனால், தீங்கின் கணக்கை எந்நாளிலிருந்து எழுதுவது, பெறப்படும் ஈடு யாரைச் சென்றடைவது என்ற வினாக்கள் எழும்போதே அந்நீதி சோதனைக்குள்ளாகிறது. 2026 ஜனவரி முதலாந் திகதி தொட்டு ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாக நடைமுறைப்படுத்தியுள்ள காபன் எல்லைத் தீர்வை இத்தகைய சோதனைகளுள் ஒன்று.

இரும்பு, உருக்கு, அலுமினியம் முதலிய பண்டங்களை இறக்குமதி செய்வோர், அவற்றின் உற்பத்தியில் வெளியேறிய காபனீரொட்சைட்டின் அளவுக்கேற்பச் சான்றிதழ்கள் வாங்க வேண்டும் என்பதே இதன் விதி. வாங்குபவன் செலுத்தும் இத்தொகை, குறைந்த விலையாக விற்பவன் தலையில் வந்து விழும். உள்நாட்டு ஆலை புகைக்கு விலை கொடுக்கையில் வெளிநாட்டுச் சரக்கு விலையின்றிப் புகுதல் தகாது என்பது ஐரோப்பியரின் வாதம். அது பொய்யன்று. எனினும், 2005 இல் அங்கு புகைக்கு விலை குறிக்கப்பட்ட பின்னரும், உருக்காலைகள் தம் அனுமதிகளிற் பெரும்பகுதியை இலவசமாகவே பெற்றுவந்தன. அச்சலுகை முற்றாக நீங்குவது 2034 இலேயே.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். அங்கு நிலக்கரி கொண்டு இயங்கும் ஊது உலையில் ஒரு தொன் உருக்கு ஆக்க, இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. பழைய இரும்பை மின்னுலையில் உருக்கினாலோ புகை மிகக் குறைவு. ஆனால், பழைய இரும்பு எந்நாட்டில் மிகுதி? நெடுங்காலம் பாலங்களும் இருப்புப் பாதைகளும் கப்பல்களும் கட்டிய நாட்டிலேயே. 1709 இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி கற்கரியால் இரும்பு உருக்கிய நாள் முதல் எழுந்த புகையின் விளைவே அச்செல்வம். இன்றைய விதியோ பழைய இரும்பைப் புகையற்றதெனக் கொள்கிறது. முன்னோர் புகை மறக்கப்பட்டது. அவர்கள் ஈட்டிய பொருள் மட்டும் மரபுரிமையாயிற்று. காலநிலை பற்றிய 1992 ஆம் ஆண்டு உடன்படிக்கை, பொறுப்பு யாவர்க்கும் பொதுவெனினும் அளவில் வேறுபட்டது என்று ஏற்றதன் பொருள் இதுவே.

அவ்வாறாயின், இந்திய உருக்கு முதலாளியின் முறைப்பாடு முழுவதும் நியாயமா? ஏழை நாட்டின் பெயரால் அவர் பேசுகிறார். ஆனால், கற்கரிக்கேற்ற நிலக்கரி வழங்கும் ஜாரியாவில், 1916 தொட்டு நிலத்தடியில் தீ எரிகிறது. அதன் மேற்பரப்பில் வாழும் தொழிலாளர் குடும்பங்கள் நச்சுப் புகையைச் சுவாசிக்கின்றன. புகையின் விலையை முதன்முதற் செலுத்தியவர் ஏற்றுமதியாளர் அல்லர், அம்மக்களே.

எனவே நமது நிலைப்பாடு இரட்டையானது. தீர்வையாற் பெறும் பணம் ஐரோப்பியத் திறைசேரியிலே தங்குமாயின் அது நீதியாகாது. புதிய உலைகள் அமைக்க வறிய நாடுகளுக்கு அது திரும்புதல் வேண்டும். உற்பத்தி நாட்டிலே செலுத்தப்பட்ட காபன் விலையைக் கழித்துக்கொள்ள அவ்விதியே இடமளிக்கிறது. ஆகவே, இந்திய அரசு தன் ஆலைகளிடம் அவ்விலையைத் தானே அறவிட்டு, ஜாரியா போன்ற இடங்களின் மக்களுக்குச் செலவிடலாம். அதனைச் செய்யாது அந்நியரை மட்டும் சாடுவது, தேசபக்தியின் பெயரால் இலாபத்தைக் காப்பதேயாகும்.