பிழை என்னும் சொல்

பிழை என்ற சொல்லை நாம் எப்போதும் மனிதன் மேல்தான் சுமத்துகிறோம். கருவிக்குக் கோளாறு உண்டு, பிழை கிடையாது. இந்தச் சொல்வழக்கின் பின்னால் ஒரு நீதி விசாரணை நடந்து, தீர்ப்பும் ஆகிவிட்டிருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே சக்கரங்களை மடக்கிக்கொண்டு வயிறு தரையில் மோத விழுந்தன. விமானியின் பிழை என்று பதிவாயிற்று. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியை விட்டுவிட்டு அவன் முன்னிருந்த விசைகளைப் பார்த்தார். சக்கரத்துக்கு உரியதும் இறக்கை மடலுக்கு உரியதும் அருகருகே, ஒன்றுபோல் இருந்தன. சக்கர விசையின் முனையில் சிறு ரப்பர் சக்கரமும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தச் செய்தார். கை தடவியே வித்தியாசம் அறிந்தது. மனிதன் திருந்தவில்லை, விசை மாறியது.

மனித மனம் உடனடி நினைவில் தாங்கக்கூடியது ஏறக்குறைய ஏழு விஷயங்கள், இரண்டு கூடவோ குறையவோ, என்று 1956ல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 1979 மார்ச் 28 விடியுமுன், பென்ஸில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், முதல் சில நிமிடங்களிலேயே நூறுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தன. ஒரு வால்வு மூடாமல் திறந்தே நின்றது. அதற்கான விளக்கோ அணைந்திருந்தது. அது அறிவித்தது வால்வு மூடிவிட்டதை அல்ல. மூடச் சொல்லி உத்தரவு போனதை. உத்தரவையே காரியமாக வாசித்துக்கொள்வது மனத்தின் இயல்பு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் மையத்தில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

இந்த அறிவு இன்று நம் கைத்தொலைபேசித் திரைக்கு வந்துவிட்டது. நினைவிலிருந்து எடுப்பதைவிடக் கண்டு அடையாளம் கொள்வது சுலபம் என்பதால் கட்டளைகள் சித்திரங்களாயின. இது கருணை. ஆனால் அதே திரையில், நீண்ட நிபந்தனைகளின் கீழே 'சம்மதம்' என்ற பொத்தான் பளிச்சென்று நிற்கிறது. மறுப்பு மங்கலாக ஒரு மூலையில். நூறு முறை அழுத்திப் பழகிய விரல், கண் வாசிக்குமுன் அழுத்திவிடுகிறது. பிறகு, நீங்கள்தானே சம்மதித்தீர்கள் என்கிறார்கள். பிரக்ஞை பங்கெடுக்காத செயலைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

விழிப்போடிருப்பது மனிதனின் கடமையல்லவா என்று கேட்கலாம். கடமைதான். அவனுக்குப் பொறுப்பே இல்லை என்றால் அவனையும் ஒரு கருவியாக்கிவிடுகிறோம். ஆனால் எல்லையுள்ள கவனத்திடம் எல்லையற்ற விழிப்பைக் கோருவது அறமாகாது. அந்த எல்லையை அளந்து வைத்திருப்பவனே கோரும்போது அது வஞ்சனை.

பி-17ன் விசைகளை அமைத்தவர்களுக்கு அறியாமை என்ற சமாதானமாவது இருந்தது. இன்றைய திரையை அமைப்பவனுக்கு அதுவும் இல்லை. நம் மறதியும் பழக்கமும் அவனுக்குத் தெரியும். பிறன் பலவீனத்தை அறிந்தவன் அதைத் தாங்கலாம், அல்லது அதில் சம்பாதிக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தவன் 'பயன்படுத்தியவரின் பிழை' என்று எழுதும்போது அந்தச் சொல்லை நாம் ஏற்க வேண்டியதில்லை.