பதிவேட்டில் ஒரு பொய்

சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. செதுக்கு வேலை நிறைந்த கற்கள். ஆனால் டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் டச்சுக்காரர்கள் அல்லர். சிப்பாய்களில் கணிசமானோர் ஜெர்மன் பிரதேசங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து கப்பல் ஏறியவர்கள். சாதாரணச் சிப்பாய்க்கு இப்படிப்பட்ட கல் வாய்ப்பதில்லை. சம்பளப் பேரேட்டில் ஒரு பக்கம் வாய்த்தது. பெயர், சொந்த ஊர், ஏறிய கப்பல், எந்த வருஷம் எங்கே எதனால் வேலை முடிந்தது என்ற விவரங்கள். 18ஆம் நூற்றாண்டின் அந்தப் பேரேடுகள் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றின் விவரங்களை இன்று யாரும் வீட்டிலிருந்தபடி இணையத்தில் தேடிப் பார்க்கலாம். தன் குடும்ப வழியைத் தேடிக்கொண்டு போகிற ஒரு ஜெர்மானியர் கடைசியில் நம் கடற்கரையில் வந்து நிற்க நேரலாம்.

அவருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜெர்மனி முழுவதற்குமான சிவில் பதிவு 1876ல்தான் வந்தது. அதற்கு முன்னால் பிறப்பையும் மணத்தையும் சாவையும் எழுதி வைத்தது சர்ச். பிராட்டஸ்டண்ட் சபைகளின் ஏடுகள் 2015லிருந்து ஆர்க்கியன் என்ற தளத்தில் படங்களாகக் கிடைக்கின்றன; கத்தோலிக்க ஏடுகள் பல மட்ரிகுலாவில். ஆக அந்த ஏழைச் சிப்பாயை இரண்டு பேர் எழுதினார்கள். ஆன்மாவுக்குக் கணக்கு வைக்க வேண்டியிருந்த பாதிரியார் ஒருவர். சம்பளத்துக்குக் கணக்கு வைக்க வேண்டியிருந்த குமாஸ்தா ஒருவர். அவனுக்காக எழுதியவர் எவருமில்லை. தங்களுக்குத் தேவைப்பட்டதால் எழுதினார்கள்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து தெற்கே பாலாற்றைத் தாண்டி வந்தால் செய்யூர். இங்கே கந்தசுவாமி கோயிலில் 27 நட்சத்திரத்துக்கும் ஆளுக்கொரு வேதாளம் சிலையாக நிற்கிறது. உப்பளத்தில் வாரு பலகை இழுத்தவனின் பாட்டனுக்கு ஒரு வரி கிடையாது. கல்வெட்டில் இடம் பெறுகிறவன் கொடுத்தவன். உழைத்தவனின் பெயரை எழுதுவதற்கு ஊரில் யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. நம் கவிஞர்கள் ‘வேர்’ என்ற படிமத்தை இவ்வளவு சுலபமாக எடுத்தாள்வதைப் பார்க்கும்போது, வேர் எழுதப்பட்டிருந்தது யாருக்கு என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாமே என்று தோன்றும்.

எழுதப்பட்டவர்கள், வாஸ்தவத்தில், ஊரைவிட்டுப் போனவர்கள். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். செங்கல்பட்டு ஜில்லா ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். இந்தக் கப்பல் பட்டியல்களும் இன்று இணையத்தில் தேடக் கிடைக்கின்றன.

டர்பனில் ஒரு பெண் தன் முப்பாட்டனின் வரியைத் திரையில் கண்டுபிடித்து, அதில் இருக்கும் கிராமத்தைத் தேடிக்கொண்டு செய்யூர்ப் பக்கம் வந்து இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். டீக்கடையில் அவளை உட்கார வைப்பார்கள், உபசரிப்பார்கள். அப்புறம் கேட்பார்கள்: “யாரு வூட்டு ஆளுங்கம்மா நீங்க? ஊரா, காலனியா?” அவள் கையில் இருக்கும் தாளில் அதற்குப் பதில் இருக்கிறது. சாதி என்ற கட்டம். கடல் கடந்து அவள் தேடி வந்தது ஒரு மனிதனை. அவளிடம் ஊர் கேட்பது அந்தக் கட்டத்தை.

ஜெர்மனியில் 1933 ஏப்ரலில் வந்த அரசு ஊழியர் சட்டத்துக்குப் பிறகு இதே மாதிரி ஒன்று நடந்தது, இதைவிடப் பன்மடங்கு கொடூரமான விளைவுகளோடு. பாட்டன் பாட்டி ஞானஸ்நானம் பெற்றவர்கள்தானா என்பதை நிரூபிக்க ஜனங்கள் சர்ச் ஏடுகளிலிருந்து நகல் வாங்க அலைந்தார்கள். குழந்தையை ஆசீர்வதிக்க எழுதிய பக்கம், அந்தக் குழந்தையின் பேரன் உத்தியோகத்தில் இருக்கலாமா, பிறகு உயிரோடு இருக்கலாமா என்பதற்குச் சாட்சியானது. இன்று குடும்ப மரம் வரைகிறவர் ஆசையோடு திறப்பதும் அதே பக்கத்தைத்தான். இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. பக்கம் ஒன்று என்கிறேன்.

டிப்போவில் குமாஸ்தா முன்னால் நின்ற எல்லோரும் உள்ளதைச் சொல்லவில்லை. பெயரை மாற்றினார்கள், சாதியை மாற்றினார்கள், ஊரை மாற்றினார்கள். சரித்திரக்காரர்கள் இதை அந்தப் பட்டியல்களின் குறையாகக் குறிப்பிடுவது வழக்கம். தேடுகிறவர்களுக்கு இது முட்டுச் சந்து. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வரியில் மற்றதெல்லாம் குமாஸ்தாவின் கேள்விக்குக் கட்டுப்பட்டது. பொய் மட்டும்தான் அவனாகச் சொன்னது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891ல் இந்த ஜில்லாவின் பறையர்களைப் பற்றி எழுதிய குறிப்பைப் படித்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். கடன் பத்திரத்தில் கட்டுண்ட உழைப்பு, குடியிருக்கும் மனைகூடத் தனக்கென்று இல்லாத நிலை, எதிர்த்தால் மிராசுதார் வெளியேற்றுவார் என்ற பயம். இதிலிருந்து கிளம்பியவன் கப்பலடியில் வேறொரு சாதியைச் சொன்னால், அதைத் திருத்திச் சரியான கட்டத்தில் மறுபடியும் அவனை உட்கார வைக்கக் கொள்ளுப் பேத்திக்கு உரிமை உண்டா? தென்னாப்பிரிக்காவில் பிள்ளை, நாயுடு, படையாச்சி என்றெல்லாம் குடும்பப் பெயர்களாகவே உறைந்துவிட்டன. அவற்றில் எத்தனை டிப்போவில் பிறந்தவையோ. இப்போது எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொந்தக்காரர்களைச் சொல்கிறார்கள். பொய் சொல்லும் வசதியும் இறந்தவனிடமிருந்து போகிறது.

ஆனால் ‘தேடாதே’ என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. பொய் சொன்னவனெல்லாம் விடுதலை தேடியவன் என்று எப்படி நம்புவது? பெண்டாட்டியையும் இரண்டு குழந்தைகளையும் தவிக்க விட்டுவிட்டு, தேடி வந்துவிடக் கூடாதென்று ஊரை மாற்றிச் சொன்னவனும் அந்தக் கப்பலில் இருந்திருப்பான். அந்தக் குழந்தைகளின் பேரப்பிள்ளைகள் இங்கே உப்பு அள்ளிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும் அவனிடம் ஒரு கேள்வி உண்டு. மேலும், மூதாதையைத் தோண்டாதே என்ற உபதேசம் வம்சாவளியைக் கோத்திரத்தோடு ஒப்பிக்கத் தெரிந்தவனின் வாயிலிருந்து மிகச் சுலபமாக வரும். இதை எழுதும்போது அந்தக் குரல் எனக்குள்ளும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

பட்டியலின் கடைசிக் கட்டத்துக்கு அடிக்கடி போய்வருகிறேன். உடல் அடையாளம். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பட்டது. மாட்டுக்குச் சூடு போடுகிற புத்திதான். என்றாலும் அங்கே அவன் மாற்றிச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. சாதியும் தகப்பனும் ஊரும் பொய்யாக இருந்தாலும் முழங்காலில் தழும்பு என்றால் அது தழும்பு. கருக்கரிவாள் பட்டதோ, அடி வாங்கியதோ. டர்பனில் இருக்கும் அந்தப் பெண் அதைத் தெரிந்துகொள்ளலாம். என் முப்பாட்டனுக்குத் தழும்பு எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியாது. அவர் கப்பல் ஏறவில்லை.