இன்மையை அறியும் வழி

சோமனூரில் விசைத்தறிச் சத்தத்தினிடையே இயங்கும் ஒரு பட்டறையில், பழைய அம்பாஸடர் காரின் டைனமோவைச் சோதிக்கும் மெக்கானிக்கை அருகே நின்று கவனிப்பவர், பிரமாண சாஸ்திரத்தின் புராதன வழக்கொன்று அங்கே கிரீஸ் படிந்த கைகளால் விசாரிக்கப்படுவதைக் காணலாம். ஒரு பொருள் இல்லை என்பதை எதனால் அறிகிறோம்? மீமாம்சகரான குமாரில பட்டர் அதற்கென அபாவம் என்னும் தனிப் பிரமாணம் வகுத்தார். அருணந்தி சிவாசாரியாரோ சிவஞான சித்தியாரில் அபாவத்தையும் எண்ணிவிட்டு, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அனைத்தையும் அடக்கினார்.

காரின் சிவப்பு விளக்கு டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே அமைந்தது. இருபுறமும் வோல்ட் சமமானால் அணையும். அது அணையாதபோது பேட்டரியைப் பழித்துப் புதியது வாங்குவோர் உண்டு. கடவுளைப் பற்றியும் பலர் இத்தகைய அவசரத்தோடுதான் தீர்ப்பளிக்கின்றனர். மெக்கானிக்கோ, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபின், டைனமோவின் இரு ஒயர்களையும் கழற்றி, டைனமோவின் இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்து, வோல்ட்மீட்டரைப் பொருத்தி, 20 வோல்ட்டைத் தாண்டவிடாமல் எஞ்ஜின் வேகத்தை மெல்லக் கூட்டுகிறார். முள் தடுமாறாமல் ஏறினால் டைனமோ நிரபராதி, குற்றம் ஒயரிலோ கட்-அவுட்டிலோ இருக்கிறது.

காணத்தக்க பொருள் காணப்படாதபோதுதான் அதன் இன்மை நிச்சயமாகும் என்று மீமாம்சகர்கள் விதித்த நிபந்தனையை, நாஸ்திக வாதத்தில் நான் அதிகம் கண்டதில்லை. ஆஸ்திகர்களும் அதை விரும்பி எடுத்துரைப்பதில்லை. பல்பே பழுதாயிருந்தால், விளக்கு எரியாமை டைனமோவுக்குச் சாட்சியாகாது. எஞ்ஜினைக் கிளப்புமுன் சாவியைத் திருப்பி, விளக்கு எரிகிறதா என்று மெக்கானிக் பார்ப்பது அதற்காகத்தான்.