கையும் கருவியும்

கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் தெலுக் பங்லிமா காராங். செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகளும் தொழிற்பேட்டைக்குச் சரக்குக் கொண்டு செல்லும் வண்டிகளும் அவ்வழியே ஓயாது செல்கின்றன. பழைய லாரியை நெரிசலில் ஓட்டிச் செல்பவர், வண்டி நின்று நகரும் ஒவ்வொரு முறையும் இடக்காலால் கிளட்சை மிதித்து, இடக்கையால் கியரை மாற்ற வேண்டும். பொழுது சாயும்போது அவர் முழங்கால் நோகும். தானே கியரை மாற்றிக்கொள்ளும் வண்டி கிடைத்தால் அவர் மகிழ்வாரேயன்றி வருந்தமாட்டார்.

அதே தென்சிலாங்கூரில்தான் சிப்பாங் பந்தயத் தடமும் உள்ளது. 15 வளைவுகளும் 5.543 கிலோமீட்டர் நீளமும் உடைய அத்தடத்தில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயங்கள் நடைபெற்றன. தனியார் தத்தம் மகிழுந்துகளை ஓட்டிப் பார்ப்பதற்கும் சில நாள்களில் அது திறந்துவிடப்படுகிறது. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய பந்தய மகிழுந்தில் அமர்ந்து, லாரி ஓட்டுநரை வருத்தும் அதே கிளட்சை விரும்பி மிதித்து இன்புறுவார் உளர். ஒருவருக்கு நோவாகும் செயல் மற்றொருவருக்கு இன்பமாவது எவ்வாறு? இவ்வினா எண்ணிப் பார்க்கத் தக்கது.

விரைவுதான் அவர்கள் நாடும் பயன் எனில், கையால் கியர் மாற்றுவது அறிவுடைமையாகாது. 1989ஆம் ஆண்டில் ஃபெராரி நிறுவனம், திசைமாற்றியின் பின்புறமுள்ள சிறு நெம்புகோலை விரலால் இழுத்தே கியர் மாற்றும் முறையை ஃபார்முலா ஒன்னில் புகுத்தியது. அவ்வண்டி தன் முதற் பந்தயத்தையே பிரேசிலில் வென்றது. நாளடைவில் ஏனைய அணியினரும் அம்முறையையே மேற்கொண்டனர். பின்னர் வந்த இரட்டைக் கிளட்ச் அமைப்பில், ஒரு கியர் இயங்கும்போதே அடுத்தது ஆயத்தமாகிவிடுகிறது. மனிதக் கை அதனுடன் போட்டியிட இயலாது.

இதனை நன்கு உணர்ந்தே செருமனியின் போர்ஷே நிறுவனம், 2013இல் வெளியிட்ட 911 ஜிடி3 என்னும் மகிழுந்தில் கைக்கியரை அறவே நீக்கியது. அன்பர் பலர் மனம் வருந்தினர். 2016இல் கைக்கியர் மட்டுமே கொண்ட 911 ஆர் என்னும் வகையில் 991 வண்டிகளை அந்நிறுவனம் செய்தது. மறு ஆண்டே ஜிடி3 வகையிலும் கைக்கியரை விரும்பிப் பெறலாம் என்றாயிற்று. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவை எட்ட, தானே மாற்றும் வண்டிக்கு 3.4 நொடியும் கைக்கியர் வண்டிக்கு 3.9 நொடியும் ஆகும் என அந்நிறுவனமே அறிவித்தது. அரை நொடி பிந்தும் என்று அறிந்தே பலர் கைக்கியரைத் தேர்ந்தனர்.

அந்த அரை நொடிக்கு ஈடாக அவர்கள் பெற்றது யாது? வளைவை நெருங்கும் ஓட்டுநர், வலக்காலின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்துகிறார். அதே காலின் குதிகாலாலோ விளிம்பாலோ எண்ணெய் மிதியைத் தொட்டுப் பொறியின் சுழற்சியை உயர்த்துகிறார். அந்நொடியிலேயே கியரைக் கீழிறக்குகிறார். கணக்குச் சிறிது பிழைத்தால் வண்டி குலுங்கித் தன் குறையைச் சொல்லும். பிழையாதபோது, கையும் காலும் பொறியும் ஒன்றாகி இயங்கும் நிறைவு உண்டாகிறது. அந்நிறைவு பன்னாள் பயிற்சியால் வருவது. விலை கொடுத்துப் பெறத்தக்கதன்று.

இதனைச் செல்வர்தம் வீண் செருக்கு என்பாரும் உளர். அவர் கூற்றை முற்றும் தள்ளுதல் இயலாது. 911 ஆர் வண்டிகளை வாங்கிச் சிலர் தடத்தில் ஓட்டாமல் பூட்டி வைத்து, பன்மடங்கு விலைக்கு விற்றனர். அங்கே போற்றப்பட்டது திறன் அன்று, அருமை. உழைப்பைப் பொழுதுபோக்காகக் கொள்பவர், உழைத்தே தீர வேண்டியவரிடம் அதன் பெருமை பேசுதலும் அறமன்று.

ஆயினும், விரும்பிச் செய்வது இன்பம், வேறுவழியின்றிச் செய்வது துன்பம் என்று முடித்துவிடுவதும் முழு உண்மையாகாது. இந்நாட்டுத் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டிய பெற்றோரை நினைத்தல் வேண்டும். உளி ஆழ்ந்தால் மரத்தில் காயம் படும். ஆழாவிடில் பால் குறையும். விடியற்காலை இருளில், பட்டையின் கனத்தைக் கையாலேயே உணர்ந்து சீவிய அவர்களின் கூலி சிறிது, வாழ்வோ கடினம். அவ்வாழ்வு மீண்டும் வருக என எவரும் விரும்பார். எனினும், காயமின்றிச் சீவிய மரத்தைக் கண்டு அவர்களும் பெருமிதம் கொண்டனர். வறுமை அவர்களிடமிருந்து பலவற்றைப் பறித்தது. அத்திறனின் மதிப்பை மட்டும் பறிக்க இயலவில்லை.

ஆகவே, கருவிக்கு எதனை விடுவது, கையில் எதனைக் கொள்வது என்பதற்கு ஓர் அளவுகோல் தேவை. பயன் ஒன்றே கருதப்படும் வேலையைக் கருவியிடம் ஒப்படைத்தல் நன்று. குலைகள் ஆலை சேர்வதே நோக்கமாயின், ஓட்டுநரின் முழங்காலைக் காக்கும் லாரியே சிறந்த லாரி. ஆனால், செய்பவனையே உருவாக்கும் செயல்களும் உள. அவற்றைக் கருவியிடம் ஒப்படைப்பவன் பயனைப் பெறுகிறான். தன் வளர்ச்சியை இழக்கிறான்.

வகுப்பறைக்கே இவ்வளவுகோல் மிகவும் வேண்டப்படுவது. கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் கணினிகள் இன்று வந்துவிட்டன. மாணவன் ஒரு மணி நேரம் திணறி எழுதுவதை அவை நொடிப்பொழுதில் தருகின்றன. ஆனால், ஆசிரியர் வேண்டுவது கட்டுரையை மட்டுமன்று. எழுதி எழுதிச் சிந்திக்கப் பழகிய மாணவனை. தக்க சொல் வாராமல் எழுதுகோல் நிற்கும் அந்தச் சிறு பொழுதில்தான் அவன் உள்ளம் வளர்கிறது. சிப்பாங் தடத்தில் அரை நொடி பிந்துவதற்கு உடன்படுவோர் தம் திறனுக்காக உடன்படுகின்றனர். மாணவனுக்கும் அவ்வாறு சற்றே பிந்தும் உரிமையைப் பள்ளி வழங்குதல் வேண்டும்.