நோவுக்குச் சாட்சி யார்?

"எனக்கு நோகிறது" என்று ஒருவர் சொன்னால், அதை மெய்ப்பிக்க அவரைத் தவிர வேறு சாட்சி வேண்டுமா?

இது வேலையற்றவர்களின் தத்துவ விசாரம் என்று சிலர் எண்ணலாம். வன்னியில் ஒரு கமக்காரக் குடும்பத்தின் தாயை நினைத்துப் பார்ப்போம். வலப்பக்க விலாவின் கீழே எழுந்து முதுகுக்கு ஏறும் குத்தோடு அவள் பல காலம் உழன்றாள். பித்தப்பையில் கல் என்று கண்டார்கள், பையை அகற்றினார்கள், எடுத்த கற்களை ஒரு சிறு போத்தலில் இட்டுக் காட்டினார்கள். வீட்டார் நிம்மதியடைந்தனர். சில மாதங்கள் கழிந்தன. அதே இடத்தில், அதே குத்து மீண்டும் வந்தது. இப்பொழுது கணவர் கேட்கிறார், மாமியார் கேட்கிறார், அயலவர் கேட்கின்றனர்: "பையையே எடுத்தாயிற்று. இனி உனக்கு எது நோகிறது?"

இந்தத் தாய் நாம் கற்பித்துக்கொண்ட உரு. அவளிடம் கேட்கப்படும் கேள்வியோ கற்பனையன்று. இந்நோயோடு வாழும் எத்தனையோ பேர் தினமும் கேட்கும் கேள்வி அது.

அக்கேள்விக்குள் ஒரு தர்க்கம் மறைந்திருக்கிறது. நோவுக்குக் காரணம் ஒன்று. காரணம் நீங்கினால் காரியமும் நீங்க வேண்டும். நீங்கவில்லையென்றால் சொல்பவள் பொய் சொல்கிறாள், அல்லது அவள் மனம் பேதலித்திருக்கிறது. பார்வைக்கு இத்தர்க்கம் பழுதற்றது. ஆனால் அதன் முதற்படியே பிழையானது.

1882 யூலை 15ஆம் நாள், பெர்லின் நகரின் லாசரஸ் வைத்தியசாலையில் கார்ல் லாங்கன்புக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பதினாறு ஆண்டுகள் அவதியுற்ற 43 வயது மனிதர் ஒருவரின் பித்தப்பையை முதன்முதலாக அகற்றினார். கல்லை மட்டும் எடுத்தால் போதாது, கல்லை விளைவிக்கும் பையையே எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அது சரியான வாதமே. அதனால் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் சுகமடைந்தனர். ஆயினும், கணக்குகள் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், சிகிச்சை பெற்றோரில் பத்தில் ஒருவருக்கேனும் வயிற்று உபாதை தொடர்கிறது அல்லது திரும்பி வருகிறது. மருத்துவ நூல்களில் அதற்கென ஒரு பெயரே உண்டு.

குளங்களின் நாடான வன்னிக்கு இதை விளக்குவது எளிது. பித்தநீரைச் சுரப்பது ஈரல். பித்தப்பை அந்நீரைத் தேக்கிவைக்கும் குளம் மட்டுமே. குளத்தைத் தூர்த்துவிட்டாலும் வாய்க்கால் இருக்கிறது. அதன் கடைவாயில் திறந்து மூடும் துருசும் இருக்கிறது. 1887இல் றுகேரோ ஒடி என்ற இத்தாலிய மருத்துவ மாணவர் விளக்கிய தசைவளையமே அந்தத் துருசு. வாய்க்காலில் ஒரு கல் தங்கியிருக்கலாம், அல்லது புதிதாக உருவாகலாம். வாய்க்காலே காயமுற்றுச் சுருங்கியிருக்கலாம். தேக்குவாரின்றி வழியும் பித்தநீர் குடலைக் கலக்கி வயிற்றோட்டம் உண்டாக்கலாம். இரைப்பைப் புண்ணோ, கணைய அழற்சியோ, குடலின் இயக்கக் கோளாறோ முதலிலிருந்தே இருந்து, கல்லின் பெயரால் மறைந்து கிடந்திருக்கலாம். ஆகவே, "இனி எது நோகிறது?" என்பதற்கு விடையில்லாமலில்லை. விடைகள் பல, அவற்றைத் தேடுவாரே அரிது.

கண்கள் மஞ்சளித்தால், குளிரும் காய்ச்சலும் சேர்ந்தால், சிறுநீர் கடும் நிறமானால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. வாய்க்கால் அடைபட்டதன் அடையாளங்கள் அவை. பொறுமையின் பெயரால் அவற்றைப் பொறுத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சரி, தேடினார்கள், இரத்தம் சோதித்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை என்று கொள்வோம். நமது கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகிறது. "நாம் ஒன்றும் காணவில்லை" என்ற வாக்கியமும் "ஒன்றும் இல்லை" என்ற வாக்கியமும் ஒன்றல்ல. முன்னது கருவியின் எல்லையைக் கூறுகிறது. பின்னது நோயாளியின் மீது தீர்ப்புக் கூறுகிறது. முன்னதைக் கண்டுவிட்டுப் பின்னதை உரைப்பது விஞ்ஞானமன்று. விஞ்ஞானத்தின் உடையணிந்த அதிகாரம்.

இதற்கு எதிராக ஒரு நேர்மையான வாதம் உண்டு. அதையும் கேட்க வேண்டும். நோயாளி சொல்வதையெல்லாம் நம்பினால், தேவையற்ற சிகிச்சைகளுக்கு அவரையே பலியிடுவோமல்லவா? இது வீண் அச்சமன்று. பித்தப்பை அகற்றியபின் நோவால் வருந்தியும் சோதனைகளில் பெரிய பழுது காணப்படாதோர்க்கு, அந்தத் துருசுத் தசையை வெட்டிவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவில் 214 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்குத் தசை வெட்டப்பட்டது. மறுபகுதியினருக்கு உட்காட்டிக் குழாய் மட்டும் செலுத்தப்பட்டது, வெட்டில்லை. யாருக்கு எது நடந்ததென்று நோயாளிகள் அறியார். ஓராண்டின்பின் வெட்டப்பட்டோரில் 23 சதவீதத்தினரும், வெட்டப்படாதோரில் 37 சதவீதத்தினரும் குணமடைந்தோர் கணக்கில் வந்தனர். வெட்டினால் பயனில்லை என்பது தெளிவாயிற்று.

"பார்த்தீர்களா, எல்லாம் மனப்பிரமை!" என்று சிலர் துள்ளக்கூடும். அந்த ஆய்வு அப்படிக் கூறவில்லை. இரு பகுதியிலும் பெரும்பாலானோர் நோவோடுதான் இருந்தனர். அவர்களுடைய நோவு பொய் என்று எவரும் நிறுவவில்லை. அந்த நோவுக்கு மருத்துவர் கற்பித்த காரணமே பொய்த்தது. ஆகவே நாம் இரண்டு நம்பிக்கைகளைப் பிரித்துணர வேண்டும். ஒருவர் நோவுறுகிறார் என்று நம்புவது ஒன்று; அதற்கு இன்னதுதான் காரணம் என்று நம்புவது மற்றொன்று. இரண்டாவதை ஐயுறலாம், ஐயுறத்தான் வேண்டும். முதலாவதை ஐயுற நமக்கு எந்த உரிமையும் இல்லை.

சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் 1979இல் தான் வகுத்த வரையறையை 2020இல் திருத்தியபோது, தன் நோவைப் பற்றி ஒருவர் கூறும் கூற்று மதிக்கப்பட வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. வள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது, நோயுற்றவனையே முதலில் வைத்தார். வைத்தியனும், மருந்தும், அருகிருந்து பேணுபவனும் அவனுக்குப் பின்னரே. நோயாளி மருத்துவத்தின் பொருள் மாத்திரமல்லன், அதன் பங்காளி. பங்காளியின் சொல்லை ஒதுக்கிவிட்டு நடத்தும் விசாரணை எப்படி முழுமை பெறும்?

இனி, இக்கேள்வி வன்னியில் ஏன் பாரமாகிறது என்று பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் அழிவைக் கடந்து வந்த மண் இது. காலிழந்தோரும் கண்ணிழந்தோரும் பிள்ளையைத் தேடித் திரிவோரும் ஒரே ஒழுங்கையில் வாழ்கின்றனர். இத்தகைய சமூகத்தில் துன்பங்களுக்குள் ஒரு வரிசை தானாகவே ஏற்பட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் காயம் முன்னே நிற்கிறது. "அடுத்த வீட்டுக்காரி ஒற்றைக் காலோடு வயலுக்குப் போகிறாள், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பதா?" என்று நம் தாய் தன்னைத் தானே கேட்டுக்கொள்கிறாள். பிறர் அவளை நம்ப மறுக்குமுன், அவளே தன்னை நம்ப மறுத்துவிடுகிறாள். துன்பங்களைத் தராசிலிடுவது அறமன்று. ஒருவரின் பெருந்துன்பம் இன்னொருவரின் சிறுதுன்பத்தைப் பொய்யாக்கிவிடாது.

போரின் நிழல் மருத்துவத்தின் மீதும் விழுந்துள்ளது. பித்த வாய்க்காலை வெட்டாமல் காண உதவுவது காந்தப்புல ஸ்கான். ஆனால் உடலில் எறிகணைச் சிதறல் தங்கியோரை அப்பொறிக்குள் அனுப்ப மருத்துவர் தயங்குவர்; வலிய காந்தம் உலோகத்தை அசைத்துவிடக்கூடும். போரில் ஏறிய இரும்பு, போர் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும், வேறொரு நோயின் காரணத்தைக் காணவிடாமல் குறுக்கே நிற்கிறது. அத்தகையோரிடம் "சோதனையில் ஒன்றும் தெரியவில்லை" என்பது எவ்வளவு கொடிய சொல்!

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை, அது பெருமைக்குரியதே. ஆனால் வைத்தியசாலையின் வாசலில் தொடங்கும் இலவசம், வீட்டு வாசலிலிருந்து தொடங்குவதில்லை. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவின் உட்கிராமங்களிலிருந்து அதனினும் நெடுந்தூரம். ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு நாட்கூலியின் இழப்பு, பஸ் காசு, பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆள். இத்தனையும் செலவிட்டு வந்தவளை இரண்டு நிமிடத்தில் "ஒன்றுமில்லை, குளிசையைப் போடுங்கள்" என்று அனுப்பினால், அடுத்த முறை அவள் வரமாட்டாள். மஞ்சள் பூத்த கண்களோடுதான் வருவாள். நம்பாமையின் விலையைச் செலுத்துவது எப்பொழுதும் ஏழையே.

ஆதலால் நம்புதல் என்பது வெறும் இரக்கமன்று. அது ஒரு கடமை. வைத்தியருக்கு அது, "காரணம் எனக்கு இன்னும் தெரியவில்லை, மீண்டும் வாருங்கள், தேடுவோம்" என்று சொல்லும் துணிவு. அரசுக்கு அது, தேடும் கருவிகளையும் நிபுணரையும் வன்னிக்குக் கொண்டுவரும் பொறுப்பு. வீட்டாருக்கோ அது மிக எளிது. அந்தத் தாய் விலாவைப் பிடித்துக்கொண்டு குந்தும்போது, அடுப்படி வேலையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வது.

நோவுக்குச் சாட்சி நோவுறுபவளே. அந்தச் சாட்சியைக் கேட்டபின் நாம் என்ன செய்கிறோம் என்பதே, நாம் எத்தகைய சமுதாயம் என்பதற்குச் சாட்சி.