இடம் என்ன செய்யும்?

பயணம் செய்கிறவர்கள் எல்லோரும் உணர்ந்திருக்கும் ஒன்று உண்டு. ஓர் ஊரில் கால் வைத்ததும் மனம் குளிர்கிறது. வேறோர் ஊரில் காரணம் தெரியாமலே கல்பு கனக்கிறது. இடத்தின் ராசி என்று சொல்லி விடுகிறோம். மண்ணுக்கும் கல்லுக்கும் அப்படி ஒரு குணம் உண்டா?

தில்லிக்குச் சென்றிருந்தபோது இந்தக் கேள்வி என்னுள் வலுத்தது. அங்கே செங்கோட்டையும் ஜும்ஆ மஸ்ஜிதும் அருகருகே உள்ளன. இரண்டையும் கட்டுவித்தவர் ஷாஜஹான். கோட்டை 1648-இலும், பள்ளி 1656-இலும் நிறைவுற்றன. கல்லும் ஒரே செந்நிறக் கல். ஆயினும் கோட்டைக்குள் நடந்தபோது என் மனத்தில் வெறுமையே மிஞ்சியது. மயிலாசனத்தை 1739-இல் நாதிர்ஷா கொண்டு போய்விட்டார். கடைசி மன்னர் பகதூர்ஷாவை ஆங்கிலேயர் 1858-இல் அங்கேயே விசாரணை செய்து, ரங்கூனுக்கு நாடு கடத்தினர். பள்ளியும் துன்பத்துக்குத் தப்பவில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பின் அதைப் பறித்துக்கொண்டனர். 1862-இல்தான் முஸ்லிம்களிடம் திரும்பி வந்தது. எனினும் அஸர் பாங்கு ஒலித்ததும், கடைக்காரரும் கூலியாளும் ஹவுளில் ஒளுச் செய்து, தோளோடு தோள் சேர்ந்து ஸஃப்பில் நின்றபோது அங்கே வெறுமைக்கு இடமே இல்லை. இரண்டு இடத்திலும் கல் ஒன்றுதான். அங்கு நடக்கும் அமல்தான் வேறு.

மார்க்கம் என்ன சொல்கிறது? ஹிஜ்ரி 9-இல் தபூக் செல்லும் வழியில், ஸமூது கூட்டத்தார் அழிக்கப்பட்ட ஹிஜ்ர் பகுதியை நாயகம் (ஸல்) அவர்கள் கடந்தார்கள். அழுதவர்களாக அன்றி அங்கு நுழைய வேண்டாம் என்று தோழர்களிடம் கூறி, தலையைப் போர்த்திக்கொண்டு விரைந்தார்கள். அங்குள்ள கிணற்று நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். ஆனால் ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றில் மட்டும் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே பூமியில் ஒரு கிணறு விலக்கப்பட்டது, மற்றொன்று அனுமதிக்கப்பட்டது. பூமியே கெட்டதென்றால் இரண்டு தீர்ப்பு எப்படி வரும்? அங்கு வாழ்ந்தோரின் செயலை எண்ணி அஞ்சுவதே அந்த இடம் தரும் படிப்பினை.

அதே பயணத்திலிருந்து திரும்பும்போது மதீனாவை நெருங்கியதும் உஹது மலை தெரிந்தது. ஹிஜ்ரி 3-இல் அதன் அடிவாரத்தில்தான் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) உட்பட எழுபது பேர் ஷஹீதானார்கள். நாயகத்தின் திருமுகமே காயமுற்றது. நாமாக இருந்தால் அந்த மலைப் பக்கம் திரும்பியும் பார்ப்போமா? அண்ணலாரோ, இம்மலை நம்மை நேசிக்கிறது, நாமும் இதை நேசிக்கிறோம் என்ற கருத்துப்படக் கூறினார்கள்.

அப்படியானால் ஹரம் ஷரீபின் மேன்மை என்னாவது என்று கேட்கலாம். அது அல்லாஹ் வழங்கிய கண்ணியம். கல்லின் சொந்தச் சொத்தல்ல. ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்களே, அந்தக் கல்லால் நன்மையும் தீமையும் செய்ய இயலாது என்றும், நாயகம் முத்தமிட்டதைக் கண்டதாலேயே தாமும் முத்தமிடுவதாகவும் சொன்னார்கள்.

இவ்வளவும் அறிந்த நம் இல்லங்களில் நடப்பது என்ன? வியாபாரம் நொடித்தால் கடை ராசியில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வீடு ராசியில்லை. அது வளர்ந்து, புதிதாய் வந்த மருமகளின் தலையில் பழியாக விழுகிறது. காற்றில்லை, ஈரம் தங்குகிறது என்று வீடு மாறுவது வேறு. சகுனம் பார்த்து மாறுவது மார்க்கம் தடுத்தது. சுவரின் மீது பழி போட்டுவிட்டால், கணக்கில் செய்த பிழையையும் நாவால் செய்த கொடுமையையும் யார் திருத்துவது?

சகோதர சகோதரிகளே! நம் வீட்டுக்கும் பயணிகள் வருகிறார்கள். ஓரிரவு தங்கிச் செல்பவர் எந்த உணர்வோடு வாசலைக் கடக்கிறார்? ஸலாமும் குர்ஆன் ஓதும் குரலும் அவர் காதில் விழுந்தனவா, அடுத்த வீட்டாரைப் பற்றிய புறமா? வீட்டை மாற்றுவதற்கு முன், வீட்டில் நடப்பதை மாற்ற முயல்வோம். வல்ல அல்லாஹ் அதற்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.